பழுத்தவயல் ஸ்டாப்

மேலகரத்தில் கிதிர் முகம்மதுவின் டீக்கடையில், வடை வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒரு கத்தரிக்காய் இருக்கிறது. 2022 புரட்டாசியில் பறித்தது. இன்றுவரை அது வாடவில்லை, சுருங்கவில்லை, காம்பு முள்கூட அன்றைக்குப் போலவே குத்துகிறது. முதலில் ஆட்கள் தொட்டுப் பார்த்தார்கள், பிறகு போட்டோ எடுத்தார்கள், இப்போது உள்ளூர்க்காரர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வெளியூர்க்காரர்கள் மட்டும் பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள். "இல்ல, கத்தரிக்கா" என்று சொல்லிவிட்டு கிதிர் முகம்மது டீ ஆற்றப் போய்விடுவார்.

அது விளைந்தது உச்சிமாகாளியின் வீட்டு வயலில், வரப்போரத்தில். வீட்டு வயல் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும், சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில் முப்பது சென்டைத் தனியே ஒதுக்கிக்கொள்வார். சந்தைக்குப் போகிற நெல்லுக்கு யூரியா உண்டு, டிஏபி உண்டு, பூச்சிமருந்து வாரம் தவறாமல் உண்டு. தன் வீட்டில் உலை வைக்கிற நெல்லுக்குச் சாணியைத் தவிர எதுவும் கிடையாது. ஊரார் தின்பதற்கு ஒன்று, தன் பிள்ளை தின்பதற்கு ஒன்று என்று வைத்துக்கொள்வதில் இங்கே யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. உச்சிமாகாளிக்கு அதில் பெருமையே இருந்தது. ஒரே மகள் ஜெயபிரியாவைச் சுரண்டையில் மாரிச்செல்வம் என்ற போலீஸ்காரருக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து, அறுப்புக்கு அறுப்பு அந்த வயல் அரிசி ஒரு மூடை சுரண்டைக்குப் போய்விடும். எதற்கு மாமா சுமந்துகொண்டு வருகிறீர்கள், கடையில் கிடைக்காதா என்று மருமகன் ஒருதரம் கேட்டார். "கடை அரிசி விசம்லா மாப்பிள. ஊருக்கு நாங்க என்னத்தப் போடுதோம்னு எனக்குல்லா தெரியும்" என்று உச்சிமாகாளி பதில் சொன்னார்.

ஒரு காலத்தில் அவர் தொழுவில் நான்கு மாடு நின்றது. 2022-இல் ஒன்றுதான் மிச்சம். ஒரு மாட்டுச் சாணி முப்பது சென்டுக்குக் காணாது. அந்த வைகாசியில்தான் எபனேசர் வந்தார். கழிவுத் தொட்டி உறிஞ்சுகிற லாரி வைத்திருப்பவர், யாருக்கும் கெடுதல் நினைக்காத ஆள். சாரல் தொடங்குவதற்கு முன்னால் குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் எல்லோரும் தொட்டியைக் காலி செய்வார்கள், சீசனில் தொட்டி பொங்கினால் மானம் போய்விடும். உறிஞ்சியதை எங்கே கொட்டுவது என்பது எபனேசரின் பாடு. ஓடையில் கொட்டினால் அபராதம், ரோட்டோரத்தில் கொட்டினால் அடி. டீக்கடை பெஞ்சில் உச்சிமாகாளியின் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார். "மருந்து மாயம் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. மனுசன் தின்னது, மண்ணுக்குப் போவுது. ஒங்க தாத்தா காலத்துல எல்லாரும் வயக்காட்டுக்குத்தான போனாவ?"

உச்சிமாகாளி இரண்டு நாள் யோசித்தார். யோசித்து, எங்கள் ஊரில் யாரும் செய்திருக்கக்கூடிய தப்பைச் செய்தார். சந்தைக்கு விளைகிற மிச்ச வயலில் ஒரு லாரிகூட இறக்க விடவில்லை. இயற்கையான உரம், கலப்படமில்லாத உரம், அதை ஏன் ஊராருக்குக் கொடுக்க வேண்டும் என்று, அத்தனையையும் வீட்டு வயலில் விடச் சொன்னார். ஆறு லாரி இறங்கியது. எட்டு நாள் பஸ்ஸில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் மழை பெய்தது, உழுதார், நாற்று நட்டார். பயிர் கரும்பச்சையாய் எழும்பி வந்ததைப் பார்த்து வயிறெரிந்தவர்களும் உண்டு. அடுத்த இரண்டு வைகாசியிலும் எபனேசர் கேட்காமலே லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

கத்தரிக்காய்தான் முதலில் வாடாமல் இருந்தது. பிறகு அந்த வரப்பில் பூத்த கேந்திப் பூவைக் கட்டி இசக்கியம்மனுக்குச் சாத்திய மாலை, மூன்று மாதம் கழித்தும் சாத்திய அன்றைக்குப் போலவே இருந்தது. பூசாரிக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஊர் இதை வரம் என்றது. நாங்களும் சொன்னோம், இல்லையென்று இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. கல்யாண வீட்டுக்காரர்கள் முகூர்த்த மாலைக்கு அந்தப் பூவைக் கேட்டு வந்தார்கள். தென்காசி மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடைக்காரர், விளைவதை எல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினார். வீட்டுக்கு விளைந்ததை விற்பதில்லை என்று உச்சிமாகாளி திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று, ஆனால் நல்லதென்று தெரிந்து செய்யவில்லை.

விஷயத்தை முதலில் மோப்பம் பிடித்தது அவர் மனைவி சங்கரம்மாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் புளிப்பு ஏறவில்லை. மூன்று நாள் வைத்துப் பார்த்தாள், மூன்றாம் நாளும் அது முந்தின ராத்திரி வடித்த சோறாகவே இருந்தது. இட்லிக்கு அரைத்த மாவு பொங்கவில்லை. "ஏங்க, இந்த அரிசி புளிக்கவே மாட்டேங்குது. மாவு கல்லாட்டம் கெடக்கு" என்றாள். சாரல் குளிருக்கு எந்த மாவு பொங்கும் என்றார் அவர். கோடையிலும் பொங்கவில்லை என்றபோது உளுந்து சரியில்லை என்றார். அந்த வைக்கோலைத் தின்ற மாடு போட்ட சாணி, குழியில் புழு வைக்காமல், மக்காமல், போட்டபடியே கிடந்தது. அடுத்த நடவுக்கு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால், நான்காம் நாளும் ஒரு மணியில்கூட முளை இல்லை. காற்றுப் பட்டிருக்கும் என்று சொல்லி பக்கத்து வயல்காரரிடம் விதை வாங்கிக்கொண்டார். 2023 அறுப்பில் அரிவாள் பட்டு அவருடைய இடது கணுக்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. அந்தக் காயம் சீழ் பிடிக்கவில்லை. ஆறவும் இல்லை. ஒரு வருஷம் கழித்தும் சற்று முன்பு பட்ட காயம் போலச் சிவப்பாக இருந்தது. சுகர் இருக்கா என்று ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள், இல்லை. வலி பழகிவிட்டது என்று செருப்பை மாற்றிக்கொண்டார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது, அதுதான் அவரைக் கெடுத்தது.

சுரண்டையில் நடந்தது மேலகரத்துக்குத் தெரியவில்லை. மாரிச்செல்வத்துக்கு மீசை கத்தரிக்க வேண்டிய வேலையே இல்லாமல் போனதைப் பார்த்து ஸ்டேஷனில் பொறாமைப்பட்டார்கள். ஜெயபிரியா இரண்டு வருஷத்துக்கு மேலாக நகம் வெட்டவில்லை, வெட்டவில்லை என்பதையே கவனிக்கவுமில்லை. கவலைப்பட வைத்தது அவர்களுடைய மகள் ஸ்வாதி. 2022-இல் அவளுக்கு ஆறு வயது. அந்த ஐப்பசியில் அவளுடைய முன்பல் ஆடத் தொடங்கியது. விழுந்ததும் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப்பல் நேராக முளைக்கும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். பல் ஆடியது. அடுத்த ஐப்பசியிலும் ஆடியது. அதற்கு அடுத்த ஐப்பசியிலும் விழாமல் ஆடிக்கொண்டே இருந்தது. கூடப் படித்த பிள்ளைகள் பல் விழுந்து, முளைத்து, உயர்ந்து நான்காம் வகுப்புக்கு வந்தார்கள். ஸ்வாதியும் நான்காம் வகுப்புக்கு வந்தாள். பாடமெல்லாம் ஒழுங்காகப் படித்தாள், இரண்டாம் வகுப்பில் தைத்த சீருடையைப் போட்டுக்கொண்டு. திருநெல்வேலியில் ஒரு பெரிய டாக்டரிடம் இரண்டு தடவை கூட்டிப் போனார்கள். சோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, சில பிள்ளைகள் தாமதமாக வளரும், நல்லதாகச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் டாக்டர். ஜெயபிரியா அப்பா கொடுத்த அரிசியில் இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

2025 பொங்கலுக்கு முந்தின நாள் உச்சிமாகாளி மகளுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொடுக்கச் சுரண்டைக்குப் போனார். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, பித்தளைப்பானை, வீட்டு வயல் அரிசி ஒரு மூடை. மருமகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருஷா வருஷம் பொங்கலுக்கு மகளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலை மட்டத்துக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவார். போலீஸ்காரர் என்பதால் தேதியெல்லாம் சுத்தமாக இருக்கும். தாத்தா வந்திருக்கிறார் என்று அன்றைக்கே கோடு போடலாம் என்றாள் ஸ்வாதி. நிலையில் சாய்ந்து நின்று, பெருவிரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கிக்கொண்டாள்.

"குதிகால இறக்கு" என்றார் மாரிச்செல்வம்.

"இறக்கித்தான் நிக்கேன்."

"ஏட்டி, இறக்குன்னா."

அவள் இறக்கினாள். உச்சிமாகாளி கிட்டே போய்ப் பார்த்தார். 2023, 2024, இப்போது 2025. மூன்று தேதிக்கும் ஒரே கோடு, பேனா மேலே பேனா பட்டுக் கோடு தடித்திருந்தது. "எனக்கு மட்டும் ஏன் தாத்தா பல்லு விழ மாட்டேங்கு?" என்று வாயைத் திறந்து காட்டினாள். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், பல் ஆடியது. உச்சிமாகாளி மூளை வேகமாக ஓடுகிற ஆள் இல்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குனிந்து, ஒன்றரை வருஷமாக ஆறாத தன்னுடைய கணுக்காலைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூடையைப் பார்த்தார். மாவு, சாணி, விதைநெல் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். எழுந்து அடுக்களைக்குள் போனபோது ஜெயபிரியா மதியச் சோற்றுக்கு அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"பிரியா, அத உலையில போடாத."

"ஏன்ப்பா?"

"போடாதன்னா போடாதம்மா."

"நல்ல கதயா இருக்கு. நீங்கதான கடை அரிசி விசம்னு சொல்லுவீங்க?" என்று அவள் சிரித்தாள். உச்சிமாகாளி அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கினார். களைந்த அரிசியைத் தண்ணீரோடு ஒரு தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டார், டப்பாவில் இருந்ததைச் சாக்கில் தட்டினார், தெருமுனைக் கடையில் ஒரு பை அரிசி வாங்கிவந்து வைத்தார். தான் கொண்டுவந்த மூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். பொங்கல்படியைக் கொடுத்த கையால் திருப்பி எடுத்துக்கொண்டு போன மாமனாரைச் சுரண்டை அதற்கு முன் பார்த்ததில்லை. மாரிச்செல்வம் பின்னாலேயே ஓடிவந்து, என்ன மாமா கோபம், நாங்க என்ன செஞ்சோம் என்று கேட்டார். அவர் வீட்டு உறவுக்காரர்கள் தைமாதம் முழுக்க இதையே பேசினார்கள்.

அன்று சாயங்காலம் உச்சிமாகாளி மகளுக்குப் போன் செய்து, லாரி வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஜெயபிரியா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில், "எத்தன வருசமா?" என்றாள். மூணு வருசம் என்றார். "சரி, வச்சிருதேன்" என்றாள். அதற்குப் பிறகு பத்து மாதம் அவள் அப்பாவோடு பேசவில்லை.

உச்சிமாகாளி போய்ச் சொன்னதன்பேரில், மாசியில் வேளாண்மை அலுவலர் ஷமீம் பானு வந்து மண் எடுத்துப் போனார். மண்ணில் என்ன ரசாயனம் கலந்திருக்கிறது என்று பார்க்கிற சோதனை இங்கே கிடையாது, வெளி மாநிலத்துக்கு அனுப்பினார், முடிவு வர வைகாசி ஆனது. வரப்பில் நின்றபடி அவர் விளக்கியதை உச்சிமாகாளி கடைசிவரை கேட்டார். குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து கட்டிலில் விழுகிற கூட்டம்தான் அதிகம். அதனால் மெத்தை நனையாமல் இருக்க லாட்ஜ்காரர்கள் சில பேர் உறைக்கு ஒரு திரவத்தைப் பூசுகிறார்கள், துவைக்கத் துவைக்கத் திரும்பவும் பூசுகிறார்கள். துவைத்த தண்ணீர் தொட்டிக்குத்தான் போகிறது. "கழிவுல மனுசன் தின்னது மட்டும் வரும்னு நெனச்சிட்டீங்க அண்ணாச்சி. மனுசன் கழுவுனது எல்லாமே வரும்" என்றார் அவர். சுத்தப்படுத்தி, சோதித்த பிறகே வயலில் விடலாம் என்று விதி இருக்கிறது என்பதையும் சொன்னார், சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது. எத்தனை வருஷத்தில் மண்ணை விட்டுப் போகும் என்று உச்சிமாகாளி கேட்டார்.

"போகாது. அழியாம இருக்கதுதான் அதோட கொணமே."

"மழ பெஞ்சா?"

"கீழ வயலுக்குப் போகும்."

அன்றைக்கே மண்வெட்டியை எடுத்து வரப்பை முழங்கால் உயரத்துக்கு உயர்த்தினார், மடையை சிமெண்டு வைத்து அடைத்தார். செய்தி கேட்டு எபனேசர் வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எங்களுக்குப் பாவமாக இருந்தது. மேல்மண்ணை ஓரடிக்கு வெட்டி எடுத்துத் தன் செலவிலேயே கொண்டுபோய்விடுகிறேன் என்றார். "எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, அங்கன கொட்டிருதேன்." உச்சிமாகாளி தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஒவ்வொரு இடமாக மனதுக்குள் நடந்து பார்த்திருக்கிறார். இது இன்னாருடைய கிணறு, இது இன்னாருடைய வீட்டு வயல், இதில் இன்னாருடைய ஆடு மேயும். எந்த இடத்தையும் அவரால் சொல்ல முடியவில்லை. மனை போடுகிறவர் ஒருவர் வந்து நிலத்தைக் கேட்டார், மேலே கான்கிரீட் போட்டுவிட்டால் கீழே என்ன இருந்தால் யாருக்கு என்ன என்றார். "வீடு கட்டுதவன் போர் போட்டுத் தண்ணி எடுப்பாம்லாவே" என்று சொல்லி உச்சிமாகாளி அவரையும் அனுப்பிவிட்டார்.

பொங்கலின்போது வயலில் நின்ற பயிர் மாசியில் பழுத்தது. அதை அவர் அறுக்கவில்லை. பழுத்தபடியே நிற்கிறது, கதிர் உதிரவில்லை, தாள் சாயவில்லை. அடுத்த ஆடியில் சுற்றிலும் நாற்று பச்சையாக இருந்தபோது அது மட்டும் மஞ்சளாக நின்றது. குருவியும் கொக்கும் அதில் இறங்குவதில்லை, அதுகளுக்கு எப்படித் தெரிந்ததோ. சீசன் கூட்டம் காரை நிறுத்தி முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. கதிரைப் பறிக்கக் கை நீட்டுகிறவர்களை, வேண்டாம்மா, வேண்டாம்யா என்று அவர் கும்பிட்டுத் தடுப்பார். டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த இடத்தைப் பழுத்தவயல் ஸ்டாப் என்று கூப்பிடத் தொடங்கி, இப்போது டிக்கெட் கேட்பவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

வயல் அப்படி முடிந்தது. வீட்டில் மிச்சமிருந்த பதினான்கு மூடை நெல்லை என்ன செய்வது என்பதுதான் தீரவில்லை. விற்க முடியாது. மாட்டுக்கு வைக்க முடியாது. புதைத்தால் புதைத்த இடம் கெடும், ஆற்றில் விட்டால் ஆறு கெடும், வைத்திருந்தால் அது தானாக உளுத்துப்போகாது. ஒரு வாரம் கழித்து, நானே தின்றுவிடுகிறேன் என்றார். சங்கரம்மாள் அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்தாள். "நான் வெளைய வச்சது, எனக்குள்ளயே கெடக்கட்டும்" என்று அவர் தனக்கென்று வேறு பானையை எடுத்து வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பானை. ஒன்றில் அவளுக்குக் கடை அரிசி, ஒன்றில் அவருக்கு வீட்டு வயல் அரிசி. அவளுக்கு நகம் வளர ஆரம்பித்தது, காதோரம் நரை புதிதாக இறங்கியது. அவர் இருந்தபடி இருக்கிறார், கணுக்கால் காயமும் இருந்தபடி இருக்கிறது. சுடுகாட்டில் அவரை எரித்தால் எரியுமா என்று டீக்கடையில் ஒருதரம் விவாதம் நடந்தது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிந்துவிட்டது. யாருக்கும் மனவருத்தம் ஒரு வருஷத்தில் கொஞ்சமாவது தேயும். அவருக்குத் தேயவில்லை, கதவு நிலையில் கோட்டைப் பார்த்த அந்த நிமிஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. அது அரிசியினால்தான் என்று சங்கரம்மாள் சொல்கிறாள், அரிசி இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2025 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. "யப்பா, பல்லு விழுந்துட்டு" என்றாள் ஜெயபிரியா. பத்து மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு. பேசி முடிக்கும்போது அவள் அழுதாள், இவரும் அழுதார். சங்கரம்மாள் கட்டிக்கொடுத்த தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு தென்காசியில் பஸ் மாறிச் சுரண்டைக்குப் போனார். ஸ்வாதி பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். சாணி வேண்டும். நான்கு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டு வாசலில் சாணி கிடந்தது, இரண்டு நாள் பழசு. குச்சியால் கிளறிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக ஒரு புழு நெளிந்தது. அந்தப் புழுவைப் பார்த்து ஒரு பெரிய மனிதர் நடுத்தெருவில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கையால் அள்ளிக்கொண்டு வந்து, பல்லைப் பொதிந்து கொடுத்தார். ஸ்வாதி எறிந்தாள், மொட்டைமாடிக் கைப்பிடியில் பட்டு அந்தப் பக்கம் விழுந்தது. பொங்கல் வரை பொறுக்காமல் மாரிச்செல்வம் அவளை நிலையில் நிறுத்தினார். இந்தத் தடவை அவள் குதிகாலைத் தூக்கவில்லை. தடித்த கோட்டுக்கு அரை விரல் மேலே புதுக்கோடு விழுந்தது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஜெயபிரியா அப்பாவுக்கும் இலை போட்டாள். அவர் இலையை மடக்கி வைத்துவிட்டுத் தன்னுடைய தூக்குச் சட்டியைத் திறந்தார், அவள் குழம்பு மட்டும் ஊற்றினாள். சின்ன வயதிலிருந்தே ஸ்வாதிக்குத் தாத்தா கையால் முதல் வாய் வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம். ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தி, "தாத்தா, ஒரு வா" என்று வாயைத் திறந்தாள். பிசைந்த சோறு அவர் கையில் இருந்தது. கையைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு, சட்டியை மடிக்கு இழுத்து, உடம்பைத் திருப்பிக்கொண்டார்.

"இது தாத்தா சோறு. நீ அம்மாட்ட வாங்கிக்க."

அவள் எழுந்துகொண்டாள். பிறகு அம்மாவிடம் போய் வாயைத் திறந்தாள்.

சாயங்காலம் தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறினார். எதிர்ப்பக்கம் ஒரு கழிவு லாரி போயிற்று, எபனேசருடையது இல்லை, அவர் தன்னுடையதை விற்றுவிட்டார். வைகாசியானால் இன்னும் நாலைந்து லாரிகள் பழுத்தவயலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டுக் காலியாகத் திரும்புகின்றன. எங்கே போகின்றன என்று நாங்கள் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். கண்டக்டர் விசிலடித்து, "பழுத்தவயல்லாம் எறங்கு" என்றார். உச்சிமாகாளி காயம்பட்ட காலை முதலில் ஊன்றி இறங்கி, மஞ்சளாய் நிற்கிற கதிர்களை ஒட்டி நடந்து வீட்டுக்குப் போனார். இன்னும் பன்னிரண்டு மூடை இருக்கிறது.